காத்துள்ளபோதே தூத்தியாச்சு... குதிர் எங்கே?

ஆடி மாசத்துல உடுமலைப்பேட்டை பக்கம் வந்திருக்கீங்களா? இல்லைன்னா ஒரு தடவை வாங்க. பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து ஆளையே தள்ளும். ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு பெரியவங்க சொன்னதை இங்க வந்து நின்னு பார்த்தாதான் நம்பத் தோணும். பல்லடம், உடுமலை, தாராபுரம்னு எந்த ரோட்டுல போனாலும் ரெண்டு பக்கமும் காத்தாடிதான். (காற்றாலைன்னு எழுதணும். ஊர்ல காத்தாடின்னு சொன்னாதான் புரியும்.)

இதுல வேடிக்கை என்னன்னா, இவ்வளவு காத்து அடிக்கிற அந்த மாசங்கள்லயே சில காத்தாடிங்க சுத்தாம சும்மா நிக்கும். சிலது ரிப்பேர். ஆனா "இப்போ உங்க மின்சாரம் வேண்டாம், நிறுத்துங்க"ன்னு உத்தரவு வந்து நிக்கறதும் உண்டு. காற்றாலை வெச்சிருக்கறவங்க 2012 வாக்கிலிருந்தே இதைச் சொல்லிப் புலம்பறாங்க.

அந்த 2012 ஞாபகம் இருக்கா? சென்னைக்காரங்களுக்கு ரெண்டு மணி நேரம் கட். எங்க பக்கமெல்லாம் பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல கட். ரொம்ப மோசமா இருந்தது எப்போ? காத்து ஓய்ஞ்ச பிறகு, அக்டோபர், நவம்பர்ல. ஆடியில வேண்டாம்னு தள்ளின சரக்குக்கு ஐப்பசியில அடிதடி. ஒரே வருஷம், ஒரே மாநிலம்!

இந்த ஒரு விஷயத்தைப் பத்திதான் ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன். சரி, மேட்டருக்கு வருவோம்.

பள்ளிக்கூடப் புத்தகத்துல ரெண்டு கட்டம் போட்டு ஒரு பாடம் வரும். புதுப்பிக்கத்தக்க வளங்கள், புதுப்பிக்க இயலாத வளங்கள். இந்தப் பக்கம் சூரியன், காற்று, நீர். அந்தப் பக்கம் நிலக்கரி, பெட்ரோல், யுரேனியம். இது தீராது, அது தீர்ந்துடும். பரீட்சைக்கு அஞ்சு மார்க். பெரியவங்க ஆன பிறகும் நாம இதே கட்டத்துலதான் நின்னு சண்டை போடறோம். "நிலக்கரி தீரப்போகுது சார், சோலார்தான் எதிர்காலம்"னு ஒரு கோஷ்டி. "இன்னும் நூறு வருஷத்துக்கு இருக்கு சார்"னு இன்னொரு கோஷ்டி. டீக்கடை முதல் டிவி வரைக்கும் இதே கதைதான்.

தீருமா தீராதாங்கற இந்தக் கேள்வியே நம்ம கண்ணை மறைக்குதுன்னு நான் நினைக்கிறேன்.

பேப்பர்ல தினம் மேட்டூர் அணை நிலவரம்னு ஒரு சின்னப் பெட்டிச் செய்தி வரும், பார்த்திருப்பீங்க. அதுல நீர் இருப்பு இவ்வளவு, நீர் வரத்து இவ்வளவுன்னு போடுவாங்க. டெல்டா விவசாயி அந்த ரெண்டையும் சேர்த்துப் பார்த்துதான் நாத்து விடறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவார். எரிசக்திக்கும் இந்த ரெண்டு வார்த்தை போதும்.

நிலக்கரிங்கறது இருப்பு. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தி விழுந்த வெயிலை மரம் செடியெல்லாம் வாங்கி வெச்சு, அது மண்ணுக்குள்ள போய் அமுங்கிக் கிடக்குது. இயற்கையே கட்டி வெச்ச குதிர் அது. வேணும்ங்கற நேரத்துல கதவைத் திறந்து அள்ளிக்கலாம். நிலக்கரியோட உண்மையான மவுசு இந்த இடத்துலதான் இருக்கு. ராத்திரி எட்டு மணிக்குக் கேட்டாலும் கிடைக்கும், மார்கழியில கேட்டாலும் கிடைக்கும்.

வெயிலும் காத்தும் வரத்து. எப்போ வருமோ அப்போதான் வரும். தீரவே தீராது, வாஸ்தவம். ஆனா நாம கூப்பிட்ட நேரத்துக்கு வராது. வந்தபோது பிடிச்சு வைக்கலைன்னா போனது போனதுதான்.

தீராதுன்னு சொல்ற பொருளைக்கூட நாம தீர்த்துடுவோம்ங்கறதுக்கு எங்க கொங்கு நாட்டு நிலத்தடித் தண்ணியே சாட்சி. மழை வருஷா வருஷம் பெய்யுது. பாடப்புத்தகக் கணக்குப்படி புதுப்பிக்கத்தக்கது. ஆனா போர்வெல் ஆயிரம் அடி போயாச்சே! வரத்தை விட வேகமா உறிஞ்சினா எந்த வளமும் அந்தப் பக்கக் கட்டத்துக்குப் போயிடும். விறகுக்கும் இதே கணக்குதான். அதனால கட்டம் போட்டுப் பேரு வைக்கறதை விட, வரத்தை எப்படி வாங்கி எப்படிச் சேர்த்து வைக்கறோம்ங்கறதுதான் முக்கியம்.

இப்போ தமிழ்நாட்டு நிலவரத்தைப் பார்ப்போம். 1986ல் தூத்துக்குடியில ஒவ்வொண்ணும் 55 கிலோவாட் உள்ள சின்னச் சின்னக் காத்தாடிங்களோட ஆரம்பிச்ச கதை இது. நாட்டோட முதல் காற்றாலைப் பண்ணைகள்ல அதுவும் ஒண்ணு. அப்புறம் ஆரல்வாய்மொழி, முப்பந்தல், கயத்தாறு, உடுமலைன்னு பரவிச்சு. 2016ல் கமுதியில 648 மெகாவாட்டுக்கு ஒரே இடத்துல சூரிய மின் நிலையம் வந்துச்சு. 2025ல் காத்து தனியா, சூரியன் தனியா ரெண்டுமே பத்தாயிரம் மெகாவாட் நிறுவுதிறனைத் தாண்டிடுச்சு. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், மறுக்கவே இல்லை.

நம்ம மாநிலத்தோட உச்சத் தேவை 2024 மே 2ஆம் தேதி 20,830 மெகாவாட். மேல சொன்ன ரெண்டையும் கூட்டிப் பார்த்துட்டு "ஆஹா, சரியாப் போச்சே"ன்னு சிலர் துள்ளிக் குதிப்பாங்க. இங்கதான் ஏமாந்துடக் கூடாது. நிறுவுதிறன்ங்கறது பாத்திரத்தோட அளவு. அதுல எவ்வளவு பால் இருக்குங்கறது வேற. சாயந்திரம் ஆறரைக்கு சூரியன் மொத்தமா கடையைச் சாத்திடும். சரியா அந்த நேரத்துலதான் வீட்டுக்கு வீடு லைட்டு, டிவி, ஃபேன், ஏசி எல்லாம் ஆன் ஆகும். காத்தும் அப்படித்தான். வைகாசியில ஆரம்பிச்சு புரட்டாசி வரைக்கும் வெளுத்து வாங்கும், மத்த மாசங்கள்ல கொட்டாவி விடும். காத்தோட வேகம் பாதியாச்சுன்னா அதுல இருக்கற சக்தி எட்டுல ஒரு பங்காயிடும். கொஞ்சம் குறைஞ்சாலே மின்சாரம் மடமடன்னு இறங்கறது இதனாலதான்.

இதை நம்மாளுங்க எப்படிச் சமாளிச்சாங்க தெரியுமா? 'பேங்கிங்'னு ஒரு ஏற்பாடு. காத்தாடி வெச்சிருக்கற மில் முதலாளி ஆடியில உற்பத்தியாகற யூனிட்டை மின்வாரியத்துகிட்ட 'டெபாசிட்' பண்ணிட்டு, காத்து இல்லாத தை மாசத்துல மில்லுக்கு எடுத்துக்கலாம். பழைய காற்றாலைகளுக்கு ஒரு நிதியாண்டு முழுக்க இந்த வசதி இருந்தது. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா யோசிச்சுப் பாருங்க, வாரியம் அந்த யூனிட்டையெல்லாம் பீரோவுல வெச்சுப் பூட்டி வைக்கவா முடியும்? அது வந்த அன்னிக்கே யாரோ வீட்டுல ஃபேனா சுத்தித் தீர்ந்துடுச்சு. தை மாசத்துல திருப்பித் தர்றது புதுசா நிலக்கரி எரிச்சு எடுத்த மின்சாரம், இல்லைன்னா வெளியில காசு கொடுத்து வாங்கினது. அதாவது நோட்டுப் புத்தகத்துல மட்டும் ஒரு குதிர். உள்ள ஒரு மணி நெல்லு கிடையாது :-)

"சரிப்பா, பகல்ல வெயில், ராத்திரி நிலக்கரி, ஆடியில காத்து, தையில நிலக்கரி. ஓடுது இல்ல? உனக்கு என்ன கஷ்டம்?"னு கேக்கலாம். கஷ்டம் எனக்கு இல்லைங்க. கடலூர் மாவட்டத்துல இருக்கறவங்களுக்கு.

நெய்வேலி கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். 1930கள்ல ஜம்புலிங்க முதலியார் நிலத்துல கிணறு தோண்டினப்போ கருப்பா ஏதோ வந்துச்சு. 1956ல் நிறுவனம் வந்துச்சு, 1962ல் மின்சாரம் வந்துச்சு. தமிழ்நாட்டுக்கு வெளிச்சம் கொடுத்த ஊர், சந்தேகமே வேண்டாம். ஆனா அங்க கிடைக்கிறது பழுப்பு நிலக்கரி. பாதிக்குப் பாதி ஈரம். தோராயமா ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு கிலோ எரிக்கணும். அந்த நிலக்கரியில ஒரு டன் எடுக்க அஞ்சு கன மீட்டருக்கு மேல மண்ணை வாரி ஒதுக்கணும். கீழே அழுத்தத்தோட இருக்கற நிலத்தடி நீர் சுரங்கத்துக்குள்ள பொங்கிடாம இருக்க ராப்பகலா இறைச்சுக்கிட்டே இருக்கணும்.

ஒரு ஏசி ராத்திரி முழுக்க ஓடினா எட்டு யூனிட்னு வெச்சுக்குவோம். அது நெய்வேலி மின்சாரமா இருந்தா, நாம தூங்கி எழுந்திருக்கறதுக்குள்ள எட்டு கிலோ நிலக்கரி போச்சு. ஒரு வீட்டுக்கு. ஒரு ராத்திரிக்கு.

சுரங்கம் ஒரே இடத்துல நிக்காது. தின்னுக்கிட்டே நகரும். 2023 ஜூலை கடைசியில வளையமாதேவியில நடந்தது நினைவிருக்கும். பரவனாறு மாற்றுக் கால்வாய்க்காக, விளைஞ்சு நின்ன நெல்லுக்குள்ள மண் அள்ளும் இயந்திரம் இறங்கிச்சு. நிலம் பல வருஷத்துக்கு முந்தியே எடுத்தாச்சுன்னு நிறுவனம் சொல்லிச்சு. காகிதப்படி அது சரியாவே இருக்கட்டும். நட்ட பயிர் கண்ணெதிர்ல புதையறதைப் பார்த்த விவசாயிக்கு அந்தக் காகிதம் என்ன ஆறுதல் சொல்லும்? டிவியில அந்தக் காட்சியைப் பார்த்த நாம எல்லாரும் உச்சுக் கொட்டினோம். கொட்டிட்டு, ஏசியை 22ல வெச்சுட்டுப் படுத்தோம். யாரையும் குத்தம் சொல்ல எழுதலை, நானும் அந்தக் கும்பல்தான். ராத்திரி எட்டு மணிக்கு நமக்கு வேற வழி எதையும் யாரும் கட்டித் தரலைங்கறதுதான் விஷயம். (நெய்வேலி ஒண்ணுதான்னு இல்லை. ஒடிசா நிலக்கரி கப்பலேறி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருது. அங்கயும் வயல் இருக்கும், ஊர் இருக்கும், அழறதுக்கு ஆளும் இருக்கும்.)

இதுல என்னை ரொம்ப உறுத்தறது ஒண்ணு. வளையமாதேவி சேத்தியாத்தோப்புக்குப் பக்கம். அங்கிருந்து கொஞ்ச தூரத்துல என்ன இருக்கு? வீராணம் ஏரி! பத்தாம் நூற்றாண்டுல பராந்தக சோழன் காலத்துல வெட்டினது. நீளமே பல கிலோமீட்டர். நம்ம ஊர்ல மழைங்கறது வருஷத்துல சில வாரம் கொட்டிட்டுப் போயிடற வரத்து. சாப்பாடோ வருஷம் முழுக்க வேணும். அந்தக் காலத்து ஆளுங்க "மழை புதுப்பிக்கத்தக்கது, கவலையில்லை"ன்னு சும்மா இருக்கலை. கரை கட்டினாங்க, மதகு வெச்சாங்க, தண்ணி முறை வெச்சாங்க, அதைக் காக்க ஆளும் போட்டாங்க. அப்படிக் கட்டினது தமிழ்நாட்டுல 39,000 ஏரிங்க. வரத்தை இருப்பா மாத்தற வித்தை நமக்கு ஒண்ணும் புதுசு கிடையாது. அதே மாவட்டத்துல இன்னிக்கு, வரத்தைப் பிடிச்சு வைக்கத் தெரியாம, பூமிக்கடியில இருக்கற இருப்பைத் தோண்டிக்கிட்டு இருக்கோம்.

மின்சாரத்துக்கு ஏரி கட்ட முடியுமான்னு கேட்டா, முடியும். கட்டியே வெச்சிருக்கோம்! ஆனைமலையில காடம்பாறைன்னு ஒரு இடம். மேல ஒரு அணை, கீழ மேல் ஆழியாறு அணை, நடுவுல மலையைக் குடைஞ்சு பூமிக்கடியில மின் நிலையம். மின்சாரம் மிச்சமா இருக்கற நேரத்துல கீழ இருந்து தண்ணியை மேல ஏத்திக்குவாங்க. தேவைப்படற நேரத்துல அதே தண்ணியைக் கீழ விட்டு 400 மெகாவாட் வரைக்கும் எடுப்பாங்க. தோராயமா நாலு யூனிட் செலவழிச்சா மூணு யூனிட் திரும்பி வரும். ஒரு யூனிட் கூலி. 1980கள் கடைசியில ஓட ஆரம்பிச்சது. அன்னிக்கு அது ராத்திரியில மிச்சமாகற மின்சாரத்துக்காகக் கட்டினது. இன்னிக்கு மத்தியானத்துல மிச்சமாகற வெயிலுக்கு அதே குதிர் அப்படியே பொருந்தும்.

அப்போ கட்டினதோட சரி. வால்பாறைக்குப் போற பல பேருக்கு வழியில இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. அதுக்கப்புறம் நீலகிரியில குந்தாவுல 500 மெகாவாட்டுக்கு இன்னொண்ணு திட்டம் போட்டாங்க. ஏற்கெனவே இருக்கற அணைகளையே மேலயும் கீழயும் பயன்படுத்தற நல்ல திட்டம். ஆனா அது நகர்ந்த வேகத்தைச் சொல்லணும்னா ஆமை கோவிச்சுக்கும். காத்தாடியும் பேனலும் பத்தாயிரம் பத்தாயிரமா வளர்ந்த காலத்துல, குதிர் மட்டும் வளரவே இல்லை. களத்துமேட்டுல தூத்தித் தூத்தி அம்பாரம் குவிச்சுட்டு, மழை வர்ற நேரத்துல மூட்டை எங்கன்னு தேடறோம்.

பேட்டரி? அதுவும் வரணும். லித்தியம் பேட்டரியோட விலை 2010க்கும் 2024க்கும் நடுவுல பத்துல ஒரு பங்கு அளவுக்கு இறங்கிடுச்சு. ரெண்டு மணி நேரம், நாலு மணி நேரம் தாங்கற பேட்டரி இருந்தா மத்தியான வெயிலை சாயந்திரத்துக்குத் தள்ளிடலாம். அதோட நம்ம வீடுகள்ல பேட்டரி ஒண்ணும் புதுசில்லை. 2012ல வாங்கின இன்வெர்ட்டர் எத்தனை வீட்டு மூலையில உக்காந்திருக்கு!

ஆனா இதையெல்லாம் விட மலிவான குதிர் ஒண்ணு இருக்கு. அதுதான் பம்ப்செட். தமிழ்நாட்டுல 20 லட்சத்துக்கும் மேல விவசாய பம்ப்செட் இருக்கு. 1990 வாக்கிலிருந்து எல்லாருக்கும் இலவச மின்சாரம். பல வருஷமா மும்முனை மின்சாரத்தை முறை வெச்சு விட்டாங்க, பகல்ல கொஞ்சம், ராத்திரியில கொஞ்சம். ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் லைட்டோட, பாம்பு பூச்சிக்குப் பயந்துக்கிட்டே வரப்புல நடந்து போய் மோட்டார் போட்ட கதை எங்க பக்கம் எந்தத் தோட்டத்துல கேட்டாலும் சொல்லுவாங்க. தண்ணியை எப்போ இறைச்சா என்ன? கிணத்துத் தண்ணியை மத்தியானம் இறைச்சுத் தொட்டியில விட்டா, அதுவே சேமிப்புதான். வெயில் அடிக்கிற நேரத்துல பம்ப்செட் ஓடினா வெயில் வீணாகாது, ராத்திரி நிலக்கரியும் எரியாது, விவசாயியும் நிம்மதியாத் தூங்குவார். குஜராத்துல 2003ல் ஆரம்பிச்சு விவசாயத்துக்குத் தனி மின்பாதை பிரிச்சாங்க. 2020ல் விவசாயிக்குப் பகல்லயே மின்சாரம்னு ஒரு திட்டமும் கொண்டுவந்தாங்க. நாமளும் தனி மின்பாதை போட்டு, காலையில பத்து மணியிலிருந்து சாயந்திரம் நாலு வரைக்கும் தடையில்லாத மும்முனை மின்சாரம்னு உறுதி கொடுத்தா, ராத்திரி முறையே வேண்டாம்னு விவசாயிங்களே சொல்லிடுவாங்க.

இங்க ஒரு நியாயமான கேள்வி வரும். "பேட்டரி, காடம்பாறை எல்லாம் மத்தியானத்தை ராத்திரிக்குத் தள்ளும். ஆடியைத் தைக்குத் தள்ளுமா?" தள்ளாது. சரியான கேள்வி. அதுக்கு வேற வழி பார்க்கணும். ஒண்ணு, தென்மேற்குப் பருவத்துல காத்து அடிக்கிற அதே நேரத்துலதான் நீலகிரி அணைகளும் நிரம்பும். அப்போ காத்தாடி மின்சாரத்தை முதல்ல தின்னுட்டு, அணைத் தண்ணியை முடிஞ்ச வரைக்கும் பத்திரப்படுத்தி, காத்து ஓய்ஞ்ச பிறகு திறக்கணும். ரெண்டு, காத்து இல்லாத தை முதல் சித்திரை வரைக்கும் நம்ம ஊர்ல வெயில் சக்கைப் போடு போடும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு துணை. நிஜமாவே இடிக்கிறது ஐப்பசி, கார்த்திகைதான். காத்தும் இருக்காது, மேகம் வேற மூடிக்கும். நல்ல வேளையா அப்போ குளிர்ச்சியா இருக்கறதால மே மாசத் தேவை இருக்காது. அந்த ரெண்டு மாசத்துக்கும் அவசரத்துக்கும் கொஞ்சம் நிலக்கரியை வெச்சுக்குவோம். நிலக்கரியை நாளைக்கே மூடுன்னு நான் சொல்லலை. விதைநெல்லு மாதிரி வெச்சுக்கணும், தினம் பொங்கித் தின்னக்கூடாதுன்னுதான் சொல்றேன்.

"இதுக்கெல்லாம் செலவு ஆகுமே?" ஆகும். ஆனா ராத்திரி யூனிட்டோட விலையில வளையமாதேவி நெல்லு சேர்ந்திருக்கா? இறைச்சு வெளியேத்தின நிலத்தடித் தண்ணி சேர்ந்திருக்கா? அதையும் சேர்த்துட்டு அப்புறம் எது மலிவுன்னு பேசலாம்.

நாம பண்ண வேண்டியதும் கொஞ்சம் இருக்கு. பகல் வெயில் நேரத்துக்குக் குறைச்ச கட்டணம், உச்ச நேரத்துக்குக் கூடுதல் கட்டணம்னு மத்திய அரசு 2023ல் விதி கொண்டுவந்தப்போ "கரண்ட் பில்லை ஏத்தறான்"னு மட்டும்தான் நாம பேசினோம். பகல்ல குறையறதைப் பத்திப் பேசினவங்க கம்மி. 2012ல கரண்ட் எப்போ வரும்னு பார்த்துப் பார்த்து மோட்டார் போட்டோம், மாவு ஆட்டினோம், துணி துவைச்சோம். பயந்துக்கிட்டு செஞ்ச அதே வேலையை, பகல்ல மலிவுன்னு சொன்னா சிரிச்சுக்கிட்டே செய்வோமே! ஓவர்ஹெட் டேங்குக்குத் தண்ணி ஏத்த ராத்திரி ஏழு மணிதான் வேணும்னு எந்தச் சாமியும் சொல்லலை.

அதனால அடுத்த தடவை "இத்தனாயிரம் மெகாவாட் புதுப்பிக்கத்தக்க மின்சாரம், இந்தியாவிலேயே நாங்கதான்"னு எந்தக் கட்சி, எந்த அமைச்சர் மார்தட்டினாலும் கை தட்டுங்க, தப்பில்லை. தட்டிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்க.

"அண்ணே, தூத்தினது சரி. குதிர் எங்கே?"